தேடினால் கிடைக்காத கேள்வி

வருவாரா, மாட்டாரா? போன வாரம் டீச்சரை இந்தக் கேள்வியோடுதான் விட்டுவிட்டு வந்தோம். இப்போது திரும்பி வந்து பார்த்தால், அவள் அதே சமையலறையில் அதே கேள்வியோடு, பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். டீச்சரின் கணவர் நடுக்கடலில் ஒரு பாறைத் தீவில், வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறார். காற்றை அளப்பார், மழையை அளப்பார், நாள் தவறாமல் ஒரு பலூனை வானத்துக்கு அனுப்பி வைப்பார். இந்த மாதத்தோடு அவருடைய தவணை முடிகிறது. ஆள் மாற்றும் கப்பல் வரும்போது அதில் ஏறி வீட்டுக்கு வரலாம். வேண்டாமென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொரு வருஷம் அங்கேயே இருந்துகொள்ளலாம். எதைச் செய்யப் போகிறார் என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவாள்?

போன வருஷம் அவளுக்கு இந்த ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்ததால் வீடு மாறினார்கள். இந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை. பார்க்காத வீட்டில் அவருக்கென்று அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கி, சட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறாள். மாதம் ஒரு முறை எடுத்து உதறி, மறுபடியும் மடித்து வைப்பாள். ஏன் என்று கேட்டால் பூச்சி வந்துவிடும் என்பாள்.

"அண்ணி, அடுப்பு."

நாத்தனார் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தாள். கணவரின் தங்கை, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே தோரணை வந்துவிட்டது.

"கண்ணு முன்னாடி பால் பொங்குது. அது தெரியல. மனசு எங்க இருக்கு?"

"வகுப்புல இருக்கு. இன்னிக்குத்தானே அவரு இணையத்துல பசங்ககிட்டப் பேசறாரு."

"வகுப்புலயா, தீவுலயா?"

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சாயங்காலம் கூப்பிடுவாரு இல்ல, அப்ப நேரடியாக் கேட்டுடப் போறேன். வரீங்களா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு."

நாத்தனார் தோளில் மாட்டியிருந்த கைப்பையையே எங்கே எங்கே என்று தேட ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் வாயாடி வந்தாள். எட்டாம் வகுப்பு. பேச்சு வந்த நாளிலிருந்து ஓயாமல் பேசியதால் அப்பா வைத்த பெயர் அது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தைப் பிடுங்குவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அப்பா கூப்பிட்டாலும் "ம்", "சரி", "அம்மாகிட்டத் தரேன்" என்பதோடு சரி. மீதியை மெசேஜில் அனுப்பிக்கொள்வார்கள்.

"அம்மா, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. அவரு வெறும் சார். உன் அப்பான்னு நான் சொல்ல மாட்டேன்."

"அவருகிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வகுப்புல உன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாரு."

நாத்தனார் விடவில்லை. "பெத்த அப்பனை சார்னு கூப்பிடப்போற முதல் பொண்ணு நீதான்டி."

"தெரிஞ்சா எல்லாரும், அப்பா எப்ப வருவாருன்னு கேப்பாங்க அத்தை. நான் என்ன சொல்றது?"

"பார்க்கலாம்னு சொல்லு," என்ற நாத்தனார் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயாடி டிபன் டப்பாவைப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினாள்.

*

பள்ளியில் இணையம் வந்தது இந்த வருஷம்தான். வந்த புதிதில் ஆசிரியர்கள் அதை என்ன செய்தார்கள் என்று சொன்னால் வெட்கக்கேடு. "மழை பற்றிக் கட்டுரை எழுதி வா" என்பார்கள். பிள்ளைகள் தேடுவார்கள், முதலில் வருவதை அப்படியே இறக்குவார்கள். வகுப்பு முழுக்க ஒரே கட்டுரை, ஒரே எழுத்துப்பிழை. ஆசிரியரும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவார்.

நம் டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. வானிலைப் பாடம் வந்தபோது புத்தகத்தை மூடச் சொன்னாள்.

"இன்னிக்கு நம்ம ஊர்ல எவ்வளவு வெயில்னு தேடுங்க."

ஒரு குழுவுக்கு ஓர் எண் கிடைத்தது. அடுத்த குழுவுக்கு வேறு எண். மூன்றாவது குழு பார்த்த தளத்தில் இப்போது மழை பெய்துகொண்டிருப்பதாகப் போட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"இதுல எது நிஜம் மிஸ்?" என்று சுருட்டை என்ற பையன் கேட்டான். தலைமுடியால் வந்த பெயர்.

"எனக்கு எப்படித் தெரியும்? நாமளே அளந்து பார்ப்போம்."

அப்படித்தான் பள்ளி வளாகத்தில் வெள்ளைப் பெட்டி வந்தது. பக்கவாட்டில் காற்று புகுகிற மாதிரி சட்டங்கள், உள்ளே வெப்பமானி. எப்படிச் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளே இணையத்தில் படித்தார்கள். நிழலில் வை, வெள்ளை அடி, காற்றோட்டம் பார். எல்லாவற்றையும் செய்தார்கள். கட்டடத்திலிருந்து தள்ளி வை என்ற வரியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தள்ளி வைத்தால் பந்தடிக்கிறவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று, செடிகளுக்கு நடுவே சுவரோரமாக ஒரு பாதுகாப்பான இடத்தைக் கண்டுபிடித்துத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

எடுத்த அளவை எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஓர் அட்டவணையில் ஏற்றினார்கள். அதே அட்டவணையில் தீவிலிருந்து 'சாரும்' தம்முடைய அளவை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அளவெடுக்க யாரும் இல்லை என்பதால் டீச்சரும் வாயாடியும் போவார்கள். ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் இருவரும் பெட்டிக்கு முன்னால் நிற்பார்கள். மகள் எண்ணைச் சொல்வாள், அம்மா குறித்துக்கொள்வாள். வாரம் முழுவதிலும் அவர்கள் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான். போகும்போதும் பேச்சில்லை, திரும்பும்போதும் பேச்சில்லை.

சாரிடம் கேட்கும் கேள்விகளுக்கும் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தாள். முதலில் தோன்றுவதையெல்லாம் பலகையில் எழுது. பிறகு ஒவ்வொன்றையும் இணையத்தில் தேடு. இரண்டு நல்ல இடங்களில் ஒரே பதில் கிடைத்தால் அந்தக் கேள்வியை அழித்துவிடு. இடத்துக்கு இடம் பதில் மாறினால் வட்டம் போட்டு வை. எங்கேயுமே கிடைக்காததுதான் உன் கேள்வி, அதை அந்த மனிதரிடம் கேள்.

"அவரோட நேரம் நமக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். புத்தகத்துல இருக்கறதைக் கேட்டு வீணடிக்காதீங்க."

"கேள்வியை உங்ககிட்டக் காட்டணுமா மிஸ்?"

"வேண்டாம். டீச்சர் திருத்தின கேள்வி செத்த கேள்வி."

சொன்னபோது அவளுக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போய், ஆசிரியர் அறையிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

*

பிரின்சிபால் அம்மா கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி வகுப்புகளால் பாடம் முடியுமா என்பது அவர் கவலை. வாயாடி ஜன்னலோரமாக மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

தீவில் இணைப்பு ரொம்பவும் மெலிசு. படம் வராது, குரல் மட்டும்தான் வரும். அதனால் அவர் முன்கூட்டியே அனுப்பிய புகைப்படத்தைத் திரையில் போட்டிருந்தாள் டீச்சர். தடிமனான அங்கி, முகம் பாதி மறைத்த தாடி, கைகளுக்கு மேலே வெள்ளைப் பலூன். பின்னால் சாம்பல் நிறக் கடல்.

"நாம பேசறது அங்க போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அவரு பேசறதும் அப்படித்தான். கேட்டுட்டுப் பொறுமையா இருக்கணும், நடுவுல பேசக் கூடாது," என்று சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாததா அந்த இடைவெளி? இத்தனை மாதமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்றே பாதிப் பேச்சு கழிந்துவிடுகிறது.

"வணக்கம் பசங்களா," என்றது ஒலிபெருக்கி.

டீச்சருக்கு மனசு ஒரு குதி குதித்தது. வீட்டில் கேட்கிற குரல் இல்லை இது. தெளிவாக, உற்சாகமாக இருந்தது.

"வணக்கம் சார்," என்றாள், மற்றவர்களோடு சேர்ந்து.

கேள்விகள் ஆரம்பித்தன. பலூன் வெடிக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது வட்டம் போட்ட கேள்வி. ஒரு தளம் அறை அளவு என்றது, இன்னொரு தளம் பேருந்து அளவு என்றது.

"ரெண்டு பேரும் நேர்ல பார்த்திருக்க மாட்டாங்க," என்றார். "நானும் பார்த்ததில்ல. அது அவ்வளவு உயரத்துல வெடிக்குது. கருவி அனுப்பற கணக்கை வெச்சுச் சொன்னா, ஒரு சின்ன வீடு உள்ள போயிடும். ஆனா கண்ணால பார்த்தேன்னு சொன்னா அது பொய்."

பிள்ளைகள் மளமளவென்று குறித்துக்கொண்டார்கள். தெரியாது என்று சொல்கிற பெரியவரை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

சுருட்டை எழுந்தான். "சார், தனியா இருக்கும்போது வாய்விட்டுப் பேசுவீங்களா?"

கொல்லென்று சிரித்தார்கள். பதில் வரும்வரை அவன் விறைப்பாக நின்றான்.

"இங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க தம்பி. ஆனா ஒருத்தர் முழிச்சிருந்தா ஒருத்தர் தூங்குவாரு. அதனால பலூன்கிட்டப் பேசுவேன். விடும்போது 'போயிட்டு வா'ன்னு சொல்லுவேன். அது வராதுன்னு தெரியும், இருந்தாலும் வாய் சும்மா இருக்காது."

மறுபடியும் சிரிப்பு. டீச்சரும் சிரித்தாள். பலூனிடம் பேசுவதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

"எனக்கும் ஒரு கேள்வி இருக்கு," என்றார். "தேடிப் பார்த்தேன், கிடைக்கல. உங்க பெட்டிக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"செடி இருக்கு சார்."

"செடிக்குப் பின்னாடி?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"உங்க அட்டவணையைத் தினமும் பார்க்கறேன். பள்ளிக்கூடம் தொடங்கினதும் சூடு குபீர்னு ஏறுது. பெல் அடிச்சதும் இறங்குது. ஞாயித்துக்கிழமை ஏறவே இல்ல. சூரியனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாதே."

"ஞாயித்துக்கிழமை மிஸ் தப்பா எழுதியிருப்பாங்கன்னு நெனச்சோம் சார்," என்றது ஒரு குரல்.

"ஞாயித்துக்கிழமை எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க."

டீச்சர் தன்னையறியாமல் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். வாயாடி நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சுருட்டைதான் கண்டுபிடித்தான். "செடிக்குப் பின்னாடி பிரின்சிபால் மேடம் ரூம் சார்."

"அவங்க ரூம்ல ஏசி இருக்கா?"

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. ஏசி விடுகிற வெப்பக்காற்றைத்தான் இத்தனை நாளாக ஊரின் வெப்பநிலை என்று உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் அம்மா அசடு வழியச் சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று தெரிந்ததும் வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. பாடம் முடியுமா என்று கவலைப்பட்டவரே, "பெட்டியை எங்க வெக்கலாம்னு அவரையே கேளுங்களேன்," என்றார்.

டீச்சருக்குப் பெருமை தாளவில்லை. நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு, வெறும் எண்களைப் பார்த்து, செடிக்குப் பின்னால் இருப்பதைச் சொல்கிறாரே. இவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல நாக்கு துடித்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

நேரம் முடியப் போகிறது. "இன்னும் ஒரே ஒரு கேள்வி," என்றாள்.

பல கைகள் உயர்ந்தன. ஜன்னலோரம் ஒரு கை மெதுவாக, பாதி மட்டும் உயர்ந்தது. வகுப்பில் அந்தக் கை உயர்ந்து டீச்சர் பார்த்ததில்லை. தன் பெண்ணென்று சலுகை காட்டக் கூடாது, தன் பெண்ணென்று ஒதுக்கவும் கூடாது. தலையை ஆட்டினாள்.

வாயாடி எழுந்து நின்றாள். புத்தகத்தைப் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக, வேறு யாரோ ஒரு பெண்ணின் குரலில் கேட்டாள்.

"சார், அடுத்த வருஷம் உங்க இடத்துல யார் இருப்பாங்க?"

டீச்சரின் கை மேசைமேல் இருந்த கணினிப் பக்கம் போனது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒலி நின்றுவிடும். இணைப்பு சரியில்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அவள் போட்ட சட்டத்தில் சலித்து எடுத்து வந்த கேள்வி. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இடைவெளி கடந்தது. அது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது முடிந்த பிறகும் ஒலிபெருக்கி பேசவில்லை.

"நல்ல கேள்விம்மா," என்றார் கடைசியில். "நான்தான் இருப்பேன். இன்னொரு வருஷம் இருக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

வகுப்பில் சிலர் கை தட்டினார்கள். அடுத்த வருஷமும் சாருடன் பேசலாம் என்ற சந்தோஷம் அவர்களுக்கு.

வாயாடி உட்காரவில்லை. "வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா சார்?"

"வீட்டுக்கு இன்னிக்குச் சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்." குரல் தணிந்தது. "இங்க காலையில எழுந்தா என்ன செய்யணும்னு தெரியும்மா. பலூன் விடணும், கருவியைத் துடைக்கணும். அங்க நான் இல்லாமலே எல்லாம் நடக்குது. புது வீடு, புது ஊரு. என் பொண்ணு என்னைவிட உயரமாக்கூட ஆகியிருப்பா. நடுவுல போய் நான் எங்க நிக்கறதுன்னு தெரியல. கொஞ்சம் பயமா இருக்கு. அதான்."

"சரிங்க சார்," என்று வாயாடி உட்கார்ந்தாள்.

டீச்சர் ஏதோ பேச வேண்டியிருந்தது. வகுப்பு நிறையப் பிள்ளைகள், பின்னால் பிரின்சிபால், ஒலிபெருக்கியில் கணவர். இவ்வளவு பேர் நடுவில் அவள் தன்னந்தனியாக நின்றாள். இத்தனை நாள் 'பார்க்கலாம்' என்றதெல்லாம் அவர் யோசித்துக்கொண்டிருந்ததால் என்றுதானே நினைத்தாள்? யோசித்து முடித்து எப்போதோ கையெழுத்தும் போட்டாயிற்று. பலகைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டுமா?

"ரொம்ப நன்றி சார்," என்றாள். குரல் நடுங்கவில்லை. இத்தனை வருஷ ஆசிரியர் வேலை அந்த மட்டுக்கும் காப்பாற்றியது.

*

பிரின்சிபால் அம்மா வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லைம்மா. அந்தக் கடைசிக் கேள்வி, புத்தகத்துல தேடினாலும் கிடைக்காது. உங்க பொண்ணுதானே? நல்லாப் பழக்கியிருக்கீங்க."

"நான் பழக்கல மேடம்," என்றாள் டீச்சர். அது அடக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

வாயாடி தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குழாயைத் திறந்து விட்டிருந்தாள், குடிக்கவில்லை.

"ஏன்டி அதைக் கேட்ட?"

"தேடினா கிடைக்காததைத்தான் கேக்கணும்னு நீதானே சொன்ன."

"தேடினியா?"

"ரொம்ப நாளாத் தேடறேன். அந்த நிலையத்தோட வெப்சைட்ல இப்ப இருக்கறவங்க பேரு இருக்கு, அடுத்த வருஷத்துக்குப் போடல. கப்பல் எப்பப் போகுதுன்னு ஒரு இடத்துல போட்டிருக்கு. அதுல யாரு ஏறுவாங்கன்னு எங்கயும் இல்ல."

டீச்சர் குழாயை மூடினாள். தான் மட்டும்தான் அந்தக் கேள்வியோடு விழித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாளே. பக்கத்து அறையில் இவளும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"உனக்கே தெரியாதே," என்றாள் மகள். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அம்மா, அவருக்கு என் குரல் தெரியல."

"லைன் சரியில்லடி. கரகரன்னு இருந்துச்சு."

"சுருட்டை குரல் எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

"அவரு தீவுல இருக்காரு. அங்க வேற மாதிரிதான் கேக்கும்."

"நல்ல கேள்விம்மான்னாரு. யாரோ ஒரு பொண்ணுகிட்டச் சொல்ற மாதிரி." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான்தான்னு அவருகிட்டச் சொல்லாத. யாரோ ஒரு பொண்ணாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணு."

டீச்சர் அணைத்துக்கொள்ளக் கை நீட்டினாள். மணி அடித்தது. நாலாபுறமிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வாயாடி அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். ஒரே சீருடை, ஒரே இரட்டைப் பின்னல். எது தன் பெண் என்று ஒரு கணம் அம்மாவுக்கே பிடிபடவில்லை.

*

சாயங்காலம் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். விளக்கைப் போட்டுவிட்டு வந்து நின்ற நாத்தனார், "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை, எப்போது கையெழுத்துப் போட்டார் என்று கேட்கவில்லை. அண்ணனைத் திட்டவும் இல்லை. சின்ன விஷயத்துக்கே வீட்டை இரண்டாக்குகிறவள், இன்று உட்கார்ந்து சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அண்ணி, நான் துணி எடுத்துட்டு வந்துடறேன். காத்தடிக்குது." பதிலுக்கு நிற்காமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

அதை யோசிப்பதற்குள் போன் அடித்தது. டீச்சர் அதை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். கையில் பிடித்துக் காதோடு வைத்துப் பேசுகிற தெம்பு அன்று அவளுக்கு இல்லை. கூடத்தின் மறுமூலையில் வாயாடி பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

"என்மேல கோவமா இருப்ப," என்றார் அவர்.

"கோவம் இல்லீங்க."

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் கூப்பிடுவேன். நீ சட்டையெல்லாம் மடிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லுவ. அதுக்கு மேல வாய் வராது."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல ஆயிரம் இருந்தது. வீட்டுக்கு வருவதற்கு எதற்கு ஐயா பயம், வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதாதா என்று கத்த வேண்டும் போல இருந்தது. "அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

"உன்கிட்டச் சொல்ல வரல. அந்தச் சின்னப் பொண்ணு கேட்டதும் பொய் சொல்ல மனசு வரல. யாரு அது? நல்ல புத்திசாலி."

மூலையில் பக்கம் புரளும் சத்தம் நின்றது.

சத்தியம் வாங்கிக்கொண்டாளே என்று டீச்சர் தவித்தாள். "வகுப்புல ஒரு பொண்ணு," என்றாள்.

"ம். நல்லா வருவா." கொஞ்சம் தயங்கினார். "ஆமா, நம்ம வாயாடி இன்னிக்குப் பள்ளிக்கூடம் வரலையா? அவ ஏதாவது கேப்பா கேப்பான்னு கடைசி வரைக்கும் பார்த்தேன். அவ குரலே கேக்கலையே."

டீச்சர் வாயைத் திறந்தாள். வரவில்லை என்றால் பொய். வந்தாள், அந்தப் பெண்ணே அவள்தான் என்றால் அவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வருகிற சத்தம் பாதிப் படியில் நின்றுபோனது.

நாற்காலி நகர்ந்தது. வாயாடி எழுந்து வந்தாள். மேசைமேல் இருந்த போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டேனே அப்பா," என்றாள்.